மனநோய் மருத்துவர் யூஜின் புளூலர்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர், படைத்தலைவர், புலவர், நாட்டுத் தொண்டர் என்னும் இன்னோரையே எடுத்துக்கொள்வர். ஈண்டு நாம் கூறப்போவது அவ்வரிசையில் சேராத ஒருவர் வரலாறு. அவர் வாளேந்தியவர் அல்லர். மேடையேறி முழங்கியவரும் அல்லர். அறிவு திரிந்தவர் என்று உலகம் ஒதுக்கிய எளிய மக்களின் நடுவே இருந்து, அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். மனச்சிதைவு என்று நாம் தமிழில் வழங்கும் நோய்க்கு உலகெங்கும் வழங்கும் ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. சுவிட்ஸர்லாந்து தேயத்தைச் சேர்ந்த அவர் பெயர் யூஜின் புளூலர்.

எங்கோ பிறந்து என்றோ மறைந்த அவர் வரலாறு பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைச் சேர்ந்த நமக்கு எதற்கு எனின், கூறுதும். இந்நோய் குழந்தைகளையோ முதியோரையோ அவ்வளவாகப் பற்றுவதன்று. பதினெட்டு முதல் முப்பது அகவைக்குள், அஃதாவது கல்லூரியிற் பயிலும் காலத்தையும் அதனை அடுத்த காலத்தையும் பார்த்தே பெரும்பாலும் வருவது. வேப்பந்தட்டையிலிருந்தும் குன்னத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் உடையார்பாளையத்திலிருந்தும் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் பிள்ளைகள் பலர். அத்தகைய பிள்ளை ஒருவன், நேற்றுக் கேட்ட பாடம் நினைவில் இல்லை, சொல்லியனுப்பிய வேலை மறந்துபோயிற்று என்று தடுமாறத் தொடங்கும்பொழுது, வீட்டார் அதனைச் சோம்பல் என்பர். ஆசிரியர் அசட்டை என்பர். ஊரார் காற்றுக் கருப்பு என்பர். அம்மறதி நோயின் முதற்குறிகளுள் ஒன்றாக இருத்தலும் கூடும் என்பதை அறிந்தவர் சிலரே. அதனை அறிதற்குரிய வழியைத் திறந்தவருள் தலையாயவர் புளூலர்.

புளூலர் 1857ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் நாள், ஜூரிச் நகரத்துக்கு அணித்தாக ஏரிக்கரையில் உள்ள ஸொல்லிகான் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் முன்னோர் உழவர். தந்தையார் பட்டு வாணிகத்தோடு ஊர்ப் பள்ளியின் மேற்பார்வையையும் மேற்கொண்டிருந்தார். அக்காலத்துக்கு ஒரு தலைமுறை முன்புவரை ஜூரிச் நாட்டில் நகரத்தார்க்கு இருந்த உரிமைகள் நாட்டுப்புறத்தார்க்கு இல்லை. 1830ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த கிளர்ச்சியால் உழவர்க்கும் உரிமை கிடைத்தது. 1833இல் ஜூரிச் பல்கலைக்கழகம் தோன்றியது. உழவர் மக்களும் உயர்கல்வி பெறலாம் என்னும் நம்பிக்கை ஊர்தோறும் துளிர்த்த காலம் அது.

1870இல் ஜூரிச் நகரின் புறத்தே பர்க்ஹோல்ஸ்லி என்னும் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் தொடக்ககாலத் தலைவர்களுட் சிலர் ஜெர்மனி தேயத்திலிருந்து வந்த பேராசிரியர்கள். புலமையிற் சிறந்தவர்களாயினும், ஊர்மக்கள் பேசும் வட்டார மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. நோயாளி கூறுவது மருத்துவர்க்கும், மருத்துவர் கூறுவது நோயாளிக்கும் புரியாமற் போயின. எம் மொழி அறிந்தவர் எம் பிள்ளைகளுக்கு மருத்துவராக வேண்டும் என்று அவ்வட்டாரத்து மக்கள் குறைகூறிவந்தனர். அக்குறை புளூலர் வீட்டிலும் பேசப்பட்டது. அங்கே அது வெறும் ஊர்ப்பேச்சாகவும் இல்லை. யூஜினுக்கு மூத்தவளான உடன்பிறந்தாள் ஒருத்தி இளமையிலேயே கடுமையான மனநோய்க்கு ஆளானாள். அவள் பேச்சொடுங்கி, அசைவற்று நாட்கணக்கில் இருந்ததை அவர் கண்முன்னே கண்டு வளர்ந்தார். மனநோய் மருத்துவம் அவருக்கு ஏட்டில் தொடங்கவில்லை, இல்லத்தில் தொடங்கியது.

ஜூரிச்சில் மருத்துவம் பயின்று 1881இல் தேறிய புளூலர், பெர்ன் நகரத்தை அடுத்த வால்டாவ் மருத்துவமனையிற் பணியாற்றினார். பின்னர்ப் பாரீஸ், லண்டன், மியூனிக் ஆகிய நகரங்களுக்குச் சென்று அக்காலத்துப் பெருமருத்துவர் முறைகளைக் கண்டறிந்து, பர்க்ஹோல்ஸ்லியில் ஃபோரல் என்னும் அறிஞரிடம் துணை மருத்துவராய் அமர்ந்தார். 1886இல், இருபத்தொன்பதாம் அகவையில், ரைனாவ் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக அனுப்பப்பட்டார்.

ரைனாவ் என்பது ரைன் ஆற்றின் நடுவே ஒரு தீவு. பழைய துறவியர் மடம் ஒன்று கலைக்கப்பட்டபின், அதன் கட்டடங்களில், தேறமாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளிகளை வைத்திருந்தனர். முன்னேற விரும்பும் இளம் மருத்துவர் எவரும் விரும்பி ஏற்கும் இடம் அன்று அது. புளூலரோ அங்கே பன்னிரண்டு ஆண்டு தங்கினார். அப்பொழுது அவர்க்கு மணமாகவில்லை. நாள் முழுதும் நோயாளிகளோடு இருந்தார். அவர்களோடு வயலில் உழைத்தார். காட்டில் மரம் வெட்டினார். கோடரியும் அரிவாளும் நோயாளர் கையிற் கொடுக்கத் தகாதவை என்று பிறர் அஞ்சிய காலத்தில், அவற்றைக் கொடுத்து அருகில் நின்று தாமும் வேலை செய்தார். அவர்களுடைய ஊர்மொழியிலேயே பேசினார். அவர்கள் கூறியதைப் பொருளற்ற உளறல் என்று தள்ளாது, உடனுக்குடன் குறித்துவைத்தார். மருத்துவர் ஒருவர் நாள்தோறும் வந்து ஐந்து நிமிடம் பார்த்துச் செல்வதாற் புலப்படாத பல செய்திகள், பன்னிரண்டு ஆண்டு உடனுறைந்தவர்க்குப் புலப்பட்டன.

அரியலூர்ப் பகுதியினர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், இத்தாலி தேயத்திலிருந்து வந்தவர். மக்களின் மொழியைக் கசடறக் கற்று, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தமையாலேயே தேம்பாவணியும் சதுரகராதியும் அவரால் ஆக்கக் கூடியனவாயின. ஒருவர் சமயத் தொண்டர்; மற்றவர் மருத்துவர். ஆயினும் பிறர் உள்ளத்தை அறிய விரும்புவோர் முதலில் அவர் மொழிக்குள் புகவேண்டும் என்னும் உண்மை இருவர்க்கும் பொது.

1898இல் புளூலர் பர்க்ஹோல்ஸ்லியின் தலைவராகவும் ஜூரிச் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அமர்த்தப்பெற்றார். ஊர்மக்கள் நெடுநாள் விரும்பிய தம் மொழி மருத்துவர் அவ்விடத்துக்கு வந்தனர். நோயுற்ற உடன்பிறந்தாளையும் அவர் தம்மோடு மருத்துவமனை இல்லத்திலேயே வைத்துப் பேணினார். 1901இல் கல்வியிற் சிறந்த ஹெட்விக் வாஸர் என்னும் அம்மையாரை மணந்தார். அங்கே துணை மருத்துவராகச் சேர்ந்தவருள் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய கார்ல் யுங் ஒருவர்.

மறதியைப் பற்றிய ஆராய்ச்சியில் அம்மருத்துவமனை செய்த ஒரு சோதனையை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். நூறு சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, அதனைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றும் முதற்சொல்லைச் சொல்லுமாறு நோயாளியை மருத்துவர் கேட்பார். முடிந்தபின் மறுமுறையும் அச்சொற்களைக் கூறி, முன்பு விடுத்த விடையை நினைவுகூருமாறு பணிப்பார். எங்கே நினைவு தவறுகிறதோ, அங்கே ஏதோ ஒரு துயரமோ அச்சமோ மறைந்துகிடக்கிறது என்று யுங் கண்டார். நினைவு என்பது பெட்டிக்குள் இட்ட பொருள்போன்று தனித்துக் கிடப்பதன்று; உணர்ச்சியோடும் கவனத்தோடும் பின்னிக் கிடப்பது என்பதற்கு இஃது ஒரு சான்றாயிற்று.

அந்நாளில் இந்நோயை ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின், இளமையில் வரும் அறிவிழப்பு என்னும் பொருள்படும் பெயரால் வழங்கிவந்தார். நோய் வந்தால் அறிவு படிப்படியாக அழிந்தே தீரும் என்னும் கருத்து அப்பெயரிற் பொதிந்திருந்தது. தம் நோயாளருட் பலர் தேறி வீடு திரும்பியதைப் புளூலர் கண்டிருந்தார். நோய் எப்பொழுதும் இளமையில் வருவதுமன்று, எப்பொழுதும் அறிவிழப்பில் முடிவதுமன்று என்றார். 1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லின் நகரிற் கூடிய மருத்துவர் அவையில், பிளவுண்ட மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் புதுப்பெயரை வழங்கினார். 1911இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஒருவர்க்குள் இருவர் குடியிருப்பதே இந்நோய் என்று பலர் இன்றும் எண்ணுகின்றனர். புளூலர் கூறியது அதுவன்று. எண்ணத்தையும் எண்ணத்தையும் இணைக்கும் இழை தளர்ந்து, நினைவு, உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துழையாமற் போதலையே அவர் பிளவு என்றார்.

நினைவாற்றலைப்பற்றி அந்நூலில் அவர் கொண்ட முடிவு யாது? இந்நோயில் நினைவாற்றல் நேராகப் பழுதுறுவதில்லை என்பதே அவர் கருத்து. பல்லாண்டு வாய் திறவாதிருந்த நோயாளி ஒருநாள் பேசத் தொடங்கித் தம்மைச் சுற்றி நடந்தவற்றை எல்லாம் செவ்வனே கூறக் கேட்டவர் அவர். கல்போன்று இருந்தவரும் கண்டும் கேட்டும் இருந்தனர் என்று அவர் அறிந்தது எத்துணைப் பெரிய செய்தி! அவர்முன் எதனையும் பேசலாம், எவ்வாறும் நடத்தலாம் என்னும் கொடுமைக்கு அது முற்றுப்புள்ளி இட்டது. நினைவிலுள்ளதை வேண்டும்பொழுது ஒழுங்காக வெளிக்கொணர்வதில்தான் தடை உளது என்று அவர் கருதினார்.

இம்முடிவில் ஒரு பாதி நிலைத்தது. மறுபாதியைப் பிற்கால ஆராய்ச்சி திருத்தியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் நினைவை அளந்து பார்க்கத் தொடங்கினர். கலப்பை, மழை, கிளி, வாழை என்றாற்போலப் பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் செய்வது ஒரு முறை. அதனையே ஐந்து தடவை செய்வர். நலமுடையோர் ஒவ்வொரு தடவையும் மிகுதியாகக் கூறுவர். பறவைகளை ஒரு கூட்டமாகவும் பழங்களை ஒரு கூட்டமாகவும் தம்மை அறியாமலே சேர்த்து மனத்திற் பதிப்பர். உளப்பிணி முதன்முறை வந்துற்ற இளைஞர்பால் இச்சேர்க்கை குறைந்து காணப்படும். கூறும் சொற்களும் குறையும். ஆயினும் ஒருமுறை நன்கு பதிந்துவிட்டதை அவர்கள் பிறரினும் மிக விரைவாக இழப்பதில்லை. சொல்லைக் காட்டி, இது முன் கேட்டதா என வினவினால் பெரும்பாலும் அடையாளங் காண்பர். ஆகவே பழுது களஞ்சியத்தில் அன்று. களஞ்சியத்துக்குள் நெல்லை அளந்து கொட்டும் இடத்திலேயே பெரும்பாலும் உளது என்க. 2009இல் 47 ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய அறிஞர்கள், நோயின் தொடக்கத்திலேயே கேட்ட சொல்லை நினைவிற் கொள்வதும் மனத்தின் விரைவும் மிகுதியாகக் குன்றியிருத்தலைக் கண்டனர். நினைவைப் பதிக்கும் மூளைப்பகுதியாகிய ஹிப்போகாம்பஸ் அந்நிலையிலேயே சற்றுச் சிறுத்திருத்தலும் பல ஆய்வுகளிற் புலனாயிற்று. மேலும், இக்குறை மருந்தினால் மட்டும் வந்ததன்று. மருந்து தொடங்குமுன்னரும் காணப்படுவது.

இதனை அன்றாட வாழ்வில் வைத்து நோக்குவோம். தாய் மகனை அழைத்து, கடைக்குச் சென்று உப்பும் புளியும் வாங்கி, வரும் வழியில் அத்தை வீட்டிற் பாத்திரத்தைக் கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வா என்று ஒரே மூச்சிற் கூறுகிறாள். அவன் உப்போடு மட்டும் திரும்புகிறான். வகுப்பில் ஆசிரியர் கூறும் வாக்கியத்தின் முடிவு வருமுன் அதன் தொடக்கம் நழுவிவிடுகிறது. படித்த பக்கத்தையே மூன்றுமுறை படிக்கிறான்; ஒன்றும் ஒட்டவில்லை. தேர்வில் மதிப்பெண் சரிகிறது. வெட்கத்தால் நண்பரை விட்டு விலகுகிறான். உறக்கம் கெடுகிறது. பிறர் தன்னைப்பற்றியே பேசுவதாக ஐயுறுகிறான். சில மாதங்கள் சென்றபின், எவரும் பேசாதபொழுதே குரல்கள் கேட்கின்றன. குரல் கேட்டபின்னரே வீட்டார் நோயென்று உணர்கின்றனர்; மறதியோ பல காலம் முன்பே தொடங்கியிருந்தது. உரிய சிகிச்சை கிட்டாமற் கழியும் காலம் நீள நீள, தேறுதலும் அரிதாகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சியிலும் கண்ட உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மறதியுடையார் எல்லாரும் இந்நோயாளர் அல்லர். உறக்கக்குறைவு, கவலை, மனச்சோர்வு, குரல்வளைச் சுரப்பியின் குறை, உணவில் உயிர்ச்சத்துக் குறைவு, மது, கஞ்சா ஆகியவையும் நினைவைக் குலைக்கும். மறதியோடு ஒதுங்கல், ஐயம், உறக்கக்கேடு, இயல்பு திரிதல் முதலியன கூடி வாரக்கணக்கில் நீடிப்பின், மருத்துவரை நாடுதல் கடன். பிரித்தறிவது அவர் பொறுப்பு, நம் பொறுப்பன்று.

புளூலரைப் புகழ்வோர் அவர் குறையையும் மறைத்தல் ஆகாது. நோயாளிகளை இத்துணை அன்போடு பேணிய அவரே, இந்நோய் வழிவழி வருவதென்று எண்ணி, கடுமையாக நோயுற்றோர்க்கு மகப்பேறு இல்லாமற் செய்தல் நன்று என்று எழுதினார். அவர் காலத்து அறிஞர் பலரும் அக்கருத்தினராய் இருந்தனர். அக்கருத்து ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் எத்துணைக் கொடுமையாய் முடிந்தது என்பதை உலகம் கண்டது. உடனிருந்து கேட்டபொழுது அவர் வழுவவில்லை. கேளாமலே பிறர் வாழ்வைத் தீர்மானிக்கப் புகுந்தபொழுதே வழுவினார்.

1927இல் புளூலர் பணியினின்று ஓய்வுபெற்றார். 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் நாள், பிறந்த ஊராகிய ஸொல்லிகானிலேயே உயிர்நீத்தார். அவர் மைந்தர் மான்ஃப்ரெட் புளூலர் 1942இல் அதே பர்க்ஹோல்ஸ்லிக்குத் தலைவரானார். தந்தையார் வழியே நின்று, 208 நோயாளிகளை இருபது ஆண்டுக்கு மேலாகத் தாமே தொடர்ந்து கண்டு, 1972இல் நூல் வெளியிட்டார். நோய் ஓயாது தேய்த்துக்கொண்டே செல்வதன்று. சில ஆண்டுகட்குப் பின் பலர்பால் அது நிலைத்து நின்றுவிடுகிறது. முற்றும் தேறினோரும் பலர் என்பது அவர் முடிவு. நம் சென்னையிலும் 1981ஐ ஒட்டி, முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து, பல்லாண்டு தொடர்ந்து கண்ட ஆராய்ச்சி ஒன்று நடைபெற்றது. அதிலும் பெரும்பாலோர் குறி தணிந்து வாழ்ந்தமை தெரியவந்தது.

இனி, நம் பகுதியை நோக்குவோம். பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் இந்தியாவில் நான்கே மாவட்டங்களில் தொடங்கப்பட்டபொழுது அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. இன்று இத்திட்டம் நம் மாவட்டங்களுக்கும் உரியது. ஆயினும் நம் மக்கள் பலர் முதலில் நாடுவது கோயிலையும் தர்காவையும் மாதா கோயிலையுமே. காவிரிக்கரைக் குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் பழைமையானது. வழிபாடு உள்ளத்துக்கு ஆறுதல் தருவது. அதனை இகழ்தல் நம் நோக்கமன்று. வழிபாட்டோடு மருந்தும் சேர்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது. மருந்தின்றிச் சங்கிலியை மட்டும் நம்பியதன் விளைவை 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். கட்டுண்டு கிடந்த 28 பேர் தீயில் மடிந்தனர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எவரையும் சங்கிலியாற் பிணித்தலைத் தடுத்துள்ளது.

மாணவ நண்பர்களே! உம் அறைத்தோழன் ஒருவன் இந்நிலை எய்தின், புளூலர் காட்டிய வழி உமக்கும் உரியது. அவனை நகையாதீர். அவன் கூறுவதை இடைமறியாது கேண்மின். ஒருமுறைக்கு ஒரு செய்தியே கூறுமின். அதனையும் சிறு சொற்றொடராற் கூறி, தாளில் எழுதிக் கொடுமின். பொருளைப் பொருளோடு சேர்த்துத் தொகுத்துப் படிக்கத் துணைசெய்மின். பதியும் இடத்திற் பழுதுடையார்க்கு எழுத்தும் ஒழுங்கும் ஊன்றுகோலாம். மருத்துவர் தந்த மருந்தைத் தானே நிறுத்தவிடாதீர். மருந்தினால் மறதி மிகுவதாகத் தோன்றின், அதனை மருத்துவரிடமே கூறச் செய்மின். சில துணை மருந்துகளால் நினைவு மங்குவதுண்டு. அளவை மாற்றுதல் அவர்க்குக் கூடும். நினைவுக்கென்றே அமைந்த பயிற்சிகளும் இப்பொழுது உள. எங்குச் செல்வதென்று தெரியாதவர், 2022இல் இந்திய அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணிற் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

தம் மொழி அறிந்த மருத்துவர் வேண்டும் என்று ஸொல்லிகான் உழவர் கேட்டனர். அவ்வூர் மகன் ஒருவன் அதற்காகவே கற்றான். வெங்காயமும் பருத்தியும் முந்திரியும் விளையும் நம் ஊர்களின் மக்களுள்ளும் சிலர் மருத்துவராவர், ஆசிரியராவர், செவிலியராவர். மறந்தேன் என்று தலைகுனிந்து நிற்பவனைக் கடிந்துகொள்ளுமுன், ஏன் மறந்தாய் என்று அவன் மொழியிலேயே கேட்டு, விடை வரும்வரை காத்திருப்போராக அவர்கள் விளங்குவாராக.